பதினான்கு திரி, பதிமூன்று சத்தம்

மேடையில் போதகர் ஐயா அவர்களும் குவாரி துரை அவர்களும் அமர்ந்திருக்கிறீர்கள். எதிரே, கணவர் சம்பங்கியை இழந்த மங்கம்மா; துளை போடும் ஆட்கள் நாற்பத்தாறு பேர்; கூடை சுமக்கும் பெண்கள் முப்பத்தொரு பேர். ஓவர்சியர் வரவில்லை. வந்திருக்கும் அனைவருக்கும் பாக்கியவதியின் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் வெடி மேஸ்திரி சம்பங்கி அவர்களைப் பற்றிப் பேச நான் யார்? குவாரிக்கு அடுத்த வீட்டுக்காரி. வேதத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துப் பழகியவள். அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கூடை ஈரக் களிமண்ணோடு என் வாசலில் வந்து நின்றார்.

"பாக்கியம்மா, இத்த விரல் கனத்துக்கு உருட்டிக் குடுங்க. தொளையில வெடிமருந்து மேல இறுக்கி அடைச்சா வெடி வெளிய ஓடாது, பாறையத்தான் ஒடைக்கும்."

"இன்னா மேஸ்திரி, பாறைக்குக் கொழுக்கட்டையா?"

"ஆமாம்மா, பூரணம் நான் போட்டுக்கிறேன்!"

சிரித்தோம். ஆனால் நடந்தது என்ன? துளைக்கு நாலு குச்சி மருந்து போன இடத்தில் மூன்று போதுமானது. கல் பறந்து வந்து கூரைமேல் விழுவது நின்றது. இந்த இரண்டு வருஷத்தில், போன செவ்வாய்வரை, ஒருவருக்கு ஒரு விரலாவது போனதா? இல்லையே!

களிமண் மட்டுமா காரணம்? அவருடைய எண்ணிக்கை! எத்தனை திரி கொளுத்தினாரோ, அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுநாள்வரை எவரும் குழியில் இறங்கக் கூடாது. தன் காதை மட்டும் நம்பாமல் என்னையும் எண்ணி நோட்டில் எழுதச் சொன்னார்.

போன செவ்வாய் பதினான்கு திரி. மேட்டிலிருந்து கூப்பிட்டார்.

"பாக்கியம்மா, எத்தினி?"

"பதிமூணு, மேஸ்திரி."

"எனக்கும் அதான். எவனும் எறங்கக் கூடாது!"

ஓவர்சியர் கேட்டாரா? "பதினாலும் ஆச்சுய்யா, வண்டி நிக்குது, ஆளை எறக்கு" என்றார்.

"அப்போ மொதல்ல நான் பாக்குறேன்" என்று சம்பங்கி தனியாக இறங்கினார். ஒரு துளைக்குள் திரி இன்னும் புகைந்துகொண்டிருந்தது; அது வெடித்து அவரைக் கொண்டுபோய்விட்டது. பதினான்காவது சத்தத்தை நான் எழுதவில்லை.

இந்த நாற்பத்தாறு பேரும் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஆபீஸ் காகிதம் என்ன சொல்கிறது? "மேஸ்திரி எண்ணத் தவறினார்." யார், சம்பங்கியா எண்ணத் தவறினார்!

மங்கம்மா, கர்த்தர் உன்னைத் தேற்றுவார். களிமண் உருட்டுவதையும் சத்தம் எண்ணுவதையும் நாங்கள் விடமாட்டோம்.

துரை அவர்களே, என் நோட்டை உங்கள் முன்னால் வைக்கிறேன். காகிதத்தில் அந்த வரியை மாற்றுவீர்களா? சத்தம் குறைந்தால் மறுநாள்வரை யாரையும் இறக்காமல் இருப்பீர்களா? திங்கட்கிழமை மறுபடியும் திரி கொளுத்தப் போகிறார்கள். அதற்கு முன் பதில் சொல்லுங்கள்.