சுரங்கத்தில் என் கணவர் குரல் கேட்ட விவரம்

கோட்டை விசாரணை அதிகாரி முன்பு, சிறையில் இருக்கும் சுரங்கம் வெட்டுபவரின் மனைவி சொல்ல எழுதிக்கொண்டது.

கிணறு வெட்டுபவரின் தங்கை என்றால் கோட்டைக்குள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். வயது முப்பத்திரண்டு. தொழில் மண் சுமப்பது. கணவரோடு கோபித்துக்கொண்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் கிளம்பி வந்ததிலிருந்து வாசல் கோபுரத்தை அடுத்த அண்ணன் வீட்டில் இருக்கிறேன். வந்த வாரமே வெள்ளைக்காரப் படை கோட்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டது. கடலோரக் கோட்டைகள் எல்லாம் விழுந்துவிட்டன, அடுத்தது நாம்தான் என்று அதிகாரிகளே பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதால் அண்ணன் அதை ஆழப்படுத்த இறங்கினார். நானும் கூடவே இறங்கி மண் அள்ளிக்கொண்டிருந்தபோது பக்கச் சுவருக்குள் கடப்பாறைச் சத்தம் கேட்டது. காதை வைத்துக் கேட்டதில், "மாமியாரே, கொஞ்சம் வழி விடுங்க. உங்க பொண்ணு மாதிரியே பிடிவாதம் பிடிச்சா எப்படி?" என்று ஒரு குரல். கெட்டி மண் வந்தால் அதை மாமியார் என்று கூப்பிட்டுத் திட்டிக்கொண்டே வெட்டுவது உலகத்திலேயே என் கணவர் ஒருவர்தான். எங்கள் சண்டையே அதைப் பற்றித்தான்.

நான் சுவரைத் தட்டி, "பொண்ணு இங்கதான் இருக்கேன். எங்கம்மாவை விடுங்க" என்றேன். சத்தம் நின்றது. "நீ அங்க என்னடி பண்ற?" என்றார். "நீங்க அங்க என்ன பண்றீங்க, அதை மொதல்ல சொல்லுங்க" என்றேன். அதன் பிறகு சுவரில் ஓட்டை விழுந்து அவர் கை மட்டும் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன், விடவே மனம் வரவில்லை. அண்ணன், "மச்சான், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுத் தன் பங்குச் சோற்றை அந்த வழியாகத் தள்ளினார்.

படைக்காரர்கள் தன்னைப் பிடித்துப் போய் வெட்டச் சொன்னதாகவும், கோபுரத்துக்கு அடியில் வெடிமருந்து வைக்கப் போவதாகவும், நான் அம்மா வீட்டில் இருப்பதாக நினைத்ததாகவும் அவர் சொன்னார். துரைமார் யாரும் சுரங்கத்துக்குள் வருவதில்லை, எவ்வளவு தூரம் வெட்டியாயிற்று என்று சுரங்க வாயிலில் நின்று கயிற்றை அளந்து பார்ப்பதோடு சரி என்றும் சொன்னார். அதன் பிறகு அவர் பாதி வழியிலிருந்து கிளை பிரித்து, அதே கயிற்று நீளத்துக்கு, அவர்களுடைய பீரங்கி மேட்டுக்கு அடியிலேயே சுரங்கத்தைக் கொண்டுபோய் முடித்தார்.

வெடி வைத்த அன்று எங்கள் கோபுரம் பறப்பதைப் பார்க்கப் பீரங்கிக்காரர்கள் உட்பட மொத்தப் படையும் முன்னால் வந்து நின்றது. நான் மதில் மேல் இருந்தேன். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பீரங்கிகள் பறந்தன. ஒருவருக்கும் காயமில்லை. கூடாரத்தைச் சுருட்டக்கூட நிற்காமல் சாயங்காலத்துக்குள் படை நடையைக் கட்டியது. ஊரே தெருவில் இறங்கி ஆடியது, நானும் ஆடினேன்.

அதன் பிறகு கோட்டை வாசலுக்கு ஓடி வந்த என் கணவரை, கையெல்லாம் வெடிமருந்துக் கரியாக இருந்ததால், எதிரியின் ஆள் என்று காவலர்கள் அடைத்துவிட்டார்கள். நாளைக்குத் தூக்கு என்கிறார்கள். கிணற்றுச் சுவரில் ஓட்டை இன்னும் இருக்கிறது, அதிகாரியே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

விட்டால் ஓடிவிடுவாரா என்று அதிகாரி கேட்டார். அவருக்கு நான் ஜாமீன். நான் மறுபடி கோபித்துக்கொண்டு கிளம்பமாட்டேன் என்பதற்கு மட்டும் யாரும் ஜாமீன் கேட்க வேண்டாம்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தது. சிறைச் சாவியை எடுக்க ஆள் போய்விட்டதால் கைநாட்டை அவசரமாக வைக்கிறேன். மை ஈஷியிருந்தால் மன்னிக்கவும்.