வெண்டலிடம் கேட்காத கேள்வி

எத்தனை மணிக்குக் கூட்டம் என்று தாமே அறிவித்துவிட்டு, அதற்கு அரைமணி நேரம் முன்பே வந்து பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் ஒரேல் தூப்பேன் அவர்களே! கணப்பருகே கம்பீரமாக வீற்றிருக்கும் ஆன்றோர் பெருமக்களே! முழங்கால் பனியில் நடந்து, இறைச்சி அடைத்துச் சுட்ட துர்த்தியேரைச் சுடச்சுடத் துணியில் பொதிந்து சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் துர்த்தியேருக்காகவே வந்து, இவள் பேச்சை எப்போது முடிப்பாள் என்று மேசையையே பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன்மார்களே! முதன்முறையாக நம் அவையில் அமர்ந்திருக்கும் டார்யா, மேகி என்னும் இரண்டு குட்டி மகாராணிகளே! அவர்களுக்குப் பின்னால், தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்திருக்கும் அவர்களின் தந்தை வெண்டல் கொவால்சுக் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த லிசான் ஃபெர்லானின் பணிவான வணக்கம்.

என்னைப் பற்றி இந்தச் செந்த்-அப்போலின் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறிந்துகொள்ளும் ஆவல் எனக்கு அளவுக்கு மீறியது. அடுத்தவர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. என்ன சொல்கிறாய், பின்வரிசை தம்பி?

"போன வாரம் என் உறைபெட்டியத் திறந்து பாத்தது யாரு, அக்கா?"

நான்தான், மறுக்கவில்லை. அவ்வளவு மான்கறி யார் சுட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அப்படிப்பட்டவளுக்கு இந்த நாடு என்ன வேலை கொடுத்தது தெரியுமா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை. வீடு வீடாகப் போ, கதவைத் தட்டு, எத்தனை பேர், என்ன வயது, என்ன மொழி, எல்லாம் கேள். ஆகா, கேட்பதற்கென்றே பிறந்தவளுக்குக் கேட்பதற்கென்றே ஒரு வேலை என்று நான் மகிழ்ந்தேன். மகிழ்ந்து முடிப்பதற்குள் ஒரு தாளை நீட்டிச் சத்தியம் வாங்கிவிட்டார்கள். கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது. கணவனிடம் கூடாது, பாதிரியாரிடம் கூடாது, சாகும்வரை கூடாது. தேன்குடத்துக்குள் தலையை விடச் சொல்லி வாயைத் தைத்துவிட்டார்கள் ஐயா.

சரி, எதற்காக அந்தக் கணக்கு? அதைத்தானே பேச வந்தோம்.

சுற்றிலும் ஆங்கிலம் பேசும் இந்தப் பகுதியில், நம் பிள்ளைகள் முப்பத்தொரு பேர், ஐஸ் அரங்கத்தின் பின்னறையில், காலணி மாற்றும் பலகைகளுக்கு நடுவே பிரெஞ்சில் படிக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஹாக்கி வட்டு மோதும்போதெல்லாம் இந்தப் பக்கம் வாய்ப்பாடு நின்றுபோகிறது. பள்ளிக்கூடம் கட்டித் தாருங்கள் என்று எத்தனை ஆண்டு கேட்டோம்? எத்தனை கடிதம் போட்டோம்? தலைநகரிலிருந்து ஒவ்வொரு முறையும் வந்த பதில் ஒன்றுதான்: "கணக்குப்படி உங்கள் ஊரில் அந்த உரிமையுள்ள பிள்ளைகள் முப்பது பேர். முப்பது பேருக்கு ஓர் அறை போதும்."

முப்பத்தொன்று எப்படி முப்பது ஆயிற்று? ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று ஊர்க்கணக்கைப் பக்கத்திலுள்ள ஐந்தின் மடங்குக்கு உருட்டிவிடுவார்களாம். அது தெரியாமல் நம் சின்னப்பெண் நொயெமி, "விட்டுப்போன ஒருத்தி நானா, லிசான் அத்தை?" என்று கேட்டு அழுதது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் உருட்டலை விடப் பெரிய ஓட்டை ஒன்று அந்தக் கணக்கில் இருந்தது. ஒரு பிள்ளை பிரெஞ்சுப் பள்ளியில் சேரும் உரிமைக்குச் சட்டத்தில் மூன்று வாசல்கள் உண்டு. பெற்றோரில் ஒருவரின் முதல் மொழி பிரெஞ்சாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவர் இந்த நாட்டில் பிரெஞ்சில் ஆரம்பப் பள்ளி படித்திருக்கலாம். உடன்பிறந்த பிள்ளை அப்படிப் படித்துக்கொண்டிருக்கலாம். பழைய கணக்கெடுப்பு முதல் வாசலில் மட்டும் நின்று தலைகளை எண்ணியது. மற்ற இரு வாசல் வழியே வந்தவர்களை எண்ணியது யார்? ஏறெடுத்துப் பார்த்தது யார்? அந்தக் கேள்விகளைச் சேருங்கள் என்று நாடெங்கும் நம்மவர்கள் குரல் கொடுத்த பிறகு, இந்த முறைதான் சேர்த்தார்கள்.

இனி நான் சொல்லப்போவது வெண்டலின் கதை. கணக்கெடுக்கப் போனபோது கதவருகே அவர் சொன்னதை நான் சொல்லக் கூடாது. ஆனால் அவரே இன்று காலை என்னைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லச் சொன்னார். என்ன வெண்டல், சொல்லட்டுமா?

தலையை ஆட்டிவிட்டார். நீங்கள் எல்லாரும் சாட்சி.

முதலில் நம் வழக்கம் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். நாம் பத்துப் பேர் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருப்போம். ஆங்கிலம் பேசும் ஒருவர் உள்ளே நுழைவார். அந்த நொடியே பத்துப் பேரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம். பாதி வாக்கியத்தில் தாவுவோம். பாதி வசவில் கூடத் தாவுவோம். அவ்வளவு பண்பு, அவ்வளவு பணிவு, அவ்வளவு பதற்றம் நமக்கு.

மூன்று குளிர்காலத்துக்கு முன் அரங்கத்தின் பின்னறையில் நம் ஒன்பது பேர் குழு கூடியது. பிரெஞ்சுப் பள்ளி வேண்டும் என்று காரசாரமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். தலைவர் அவர்கள் நடுவில், "நம்ம ஊரு ஐஸப் பாத்தீங்களா, உழுது போட்ட வயலாட்டம் இருக்கு" என்றார். சரியாக அப்போது கதவு திறந்தது. அரங்கத்தில் அந்த ஐஸ் தளத்தைப் போடுகிற வெண்டல், கணப்பைச் சரிபார்க்க வந்து நின்றார். அவ்வளவுதான், ஒன்பது பேரும் ஆங்கிலம். பிரெஞ்சுப் பள்ளி கேட்டு எழுதத் தொடங்கிய கடிதத்தின் மீதியை ஆங்கிலத்திலேயே விவாதித்து முடித்தோம். சிரிக்காதீர்கள், நீங்களும் அங்கே இருந்தீர்கள்.

ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டது. தலைவர் சொன்ன பகடிக்கு வெண்டலின் உதடு ஒரு கணம் துடித்தது. சிரிப்பை அடக்கினார். உறைபெட்டியைத் திறந்து பார்க்கிற நான், அதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டேன்.

பிறகு கணக்கெடுப்பு வந்தது. கொள்ளைநோய்க் காலம், ஜூன் மாதம், கொசுப் படையெடுப்பு. படிவம் திருப்பி அனுப்பாதவர்கள் பட்டியலில் வெண்டல் பெயர். முகக்கவசம் கட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று கேட்டுக்கொண்டே வந்தேன். பிரெஞ்சில் பள்ளிப்படிப்பு உண்டா என்ற கேள்வி வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் பேனா "இல்லை" என்ற கட்டத்தின் மேல் ஏற்கெனவே இறங்கியிருந்தது. கொவால்சுக் என்ற பெயருக்கும் பிரெஞ்சுக்கும் என்ன உறவு? ஆனாலும் எழுதியிருக்கும் எல்லாக் கேள்வியையும் கேட்டே தீர வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கேட்டேன்.

அவர் கொசுவை விரட்டுவதை நிறுத்தினார்.

"நாலு வருஷம்" என்றார்.

"என்ன நாலு வருஷம்?"

"பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். மனிட்டோபா மாகாணத்துல. எங்கப்பாவுக்குத் தானியக் கிடங்குல வேல. அந்த ஊர்ல வேற பள்ளிக்கூடமே கெடையாது. பத்து வயசு வரைக்கும் அங்கதான்."

"அப்ப நாங்க பேசுறதெல்லாம் உங்களுக்கு..."

"புரியும். ஒரேல் என் ஐஸ வயல்னு சொன்னாரே, அதும் புரிஞ்சுது."

தலைவர் அவர்கள் இப்போது உத்தரத்தை ஆராய்கிறார். ஆராயட்டும்.

"பதினோரு வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"யாரும் கேக்கலயே. நான் உள்ள வந்தாலே நீங்க எல்லாரும் மாத்திப் பேசுறீங்க. என் முன்னாடி உங்க பாஷையப் பேசப் பிடிக்கலயோன்னு நெனச்சேன்."

பெருமக்களே, இதைக் கேளுங்கள். மரியாதை என்று நாம் நினைத்தோம். கதவைச் சாத்துகிறார்கள் என்று அவர் நினைத்தார். பதினோரு ஆண்டுகள். எனக்கு அந்த வாசலிலேயே உதடு பிதுங்கியது, கவசத்துக்குள் என்பதால் அவருக்குத் தெரியவில்லை.

"இப்பப் பேசினாலும் சரியா வராது. என் பிரெஞ்சு பத்து வயசோட நின்னு போச்சு. நல்லா நெனவுல இருக்கிறது, வகுப்புல வெளிய போக உத்தரவு கேப்போம் பாருங்க, அது ஒண்ணுதான். நாப்பத்தஞ்சு வயசுக்காரன் அத வச்சு என்ன பேசுறது?" என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "பெரியவ டார்யா கேட்டா, அந்தப் பின்னறப் பள்ளிக்கூடத்துக்கு நானும் போறேன்ப்பான்னு. அது நமக்கில்ல, அவங்களுக்குன்னு சொல்லிட்டேன்."

அது அவளுக்கும்தான். இரண்டாம் வாசல் அவளுக்கு அகலத் திறந்து கிடக்கிறது. சொல்ல வாய் திறந்தேன், மூடினேன். கேள்வி கேட்கத்தான் எனக்கு அனுமதி. அங்கே தெரிந்துகொண்டதை வைத்து ஆள் சேர்க்க அனுமதி இல்லை. "வேறு யாராவது இந்த வீட்டில் வசிக்கிறார்களா?" என்று அடுத்த கேள்விக்குப் போனேன். அதன் பிறகு ஒன்றரை ஆண்டு, அரங்கத்தின் கண்ணாடிக்கு வெளியே நின்று நம் பிள்ளைகளை டார்யா பார்ப்பதை நான் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் கேட்டதிலேயே பெரிய செய்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

கடைசியில் கணக்கு வெளியானது. செந்த்-அப்போலினில் உரிமையுள்ள பிள்ளைகள்: எண்பத்தைந்து. முப்பது எங்கே, எண்பத்தைந்து எங்கே? தலைநகரும் இறங்கி வந்திருக்கிறது. வருகிற செப்டம்பருக்குள் அறுபது பெயர் பதிவானால் பள்ளிக்கூடம் உண்டு, இல்லையென்றால் அதே பின்னறைதான் என்று எழுதியிருக்கிறார்கள்.

தாள் வெளியானதும் அது ஊர்ச்செய்தி. இனி நான் அதிகாரி இல்லை, அண்டை வீட்டுக்காரி. புதன்கிழமை அந்தத் தாளோடு அரங்கத்துக்குப் போனேன். "எண்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு வெண்டல், உள்ள இருக்கிறது முப்பத்தொண்ணு. மிச்சப் பேரு யாருன்னு ஊர்ல யாருக்குமே தெரியல" என்று பொதுவாகச் சொல்லி, மூன்று வாசலையும் வாசித்துக் காட்டினேன்.

அவர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "ரெண்டு பேர எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த இருவர்தான் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். முப்பத்து மூன்று. இன்னும் இருபத்தேழு வேண்டும்.

அந்த இருபத்தேழு பேர் எங்கே? உங்கள் பக்கத்து வீட்டில் இல்லையா? உங்கள் பனிச்சறுக்கு வண்டியைப் பழுது பார்ப்பவர் வீட்டில் இல்லையா? சந்தையில் எந்தக் குடும்பத்தைக் கண்டதும் நீங்கள் மொழி மாற்றுகிறீர்களோ, அந்தக் குடும்பத்தில் இல்லையா? அரசு நம்மைக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று இத்தனை ஆண்டு மேசையைத் தட்டினோமே, நாம் யாரைக் கேட்டோம்? அரசு ஒரு கேள்வியைச் சேர்க்க ஐந்தாண்டுக்கு ஒரு முறைதான் முடியும். நமக்கு ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

எந்தக் கதவு என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், என்னால் சொல்ல முடியாது. சத்தியம் செய்தவள் நான். நீங்கள் யாரும் செய்யவில்லை. உங்கள் வாயை யாரும் தைக்கவில்லை. நாளைக் காலை போய்த் தட்டுங்கள். சின்ன வயதில் எங்கே படித்தீர்கள் என்று கேளுங்கள். கேட்பது பிரெஞ்சிலேயே இருக்கட்டும்.

இவ்வளவு நேரம் பொறுமை காத்த ஆன்றோருக்கும், ஆறிக்கொண்டிருக்கும் துர்த்தியேருக்கும், தன் கதையை நமக்குத் தந்த வெண்டலுக்கும் நன்றி சொல்லி விடைபெறும்... என்ன வெண்டல்? கையைத் தூக்குகிறீர்களே. மணி நாலா, ஐஸுக்குத் தண்ணீர் விட வேண்டுமா? சொல்லுங்கள், எழுந்தே சொல்லுங்கள்.

"மதாம், நான் வெளிய போகலாமா?"

கேட்டீர்களா? ஒரு பிசிறில்லாத பிரெஞ்சு. அவருக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், நீங்கள் சொல்லுங்கள்.

"போயிட்டு வாங்க, வெண்டல்! போயிட்டுச் சீக்கிரம் வாங்க!"

இந்த மண்டபத்தில் எண்பது பேர் இருக்கிறோம். ஒருவர்கூட மொழி மாற்றவில்லை. வணக்கம்.