இரண்டு கையாலும் வாங்குவது

கல்யாணத்துக்கு வருகிறவர்களிடம் பணம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது, ஐயா. அதை வாங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இப்போதைய பிள்ளைகளுக்கு இரண்டுமே தெரிவதில்லை.

வாய்விட்டுக் கேட்கக் கூடாது. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும்போது, "நீங்க வந்து நின்னு நடத்திக் குடுக்கோணுமுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். அதிலேயே எல்லாம் அடக்கம். மொய் வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்க வேண்டும். கையிலிருப்பதைப் பார்க்கக் கூடாது, கொடுப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் வைத்தவருக்கும் நூறு வைத்தவருக்கும் ஒரே சிரிப்பு. தொகையை உரக்கப் படிக்க வேறொரு ஆள் இருக்கிறார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் பார்க்கிறீர்கள். நான் எந்த மாதிரியான மனிதன் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

முதலமடையிலிருந்து பொள்ளாச்சி வரை நான் மொய் வைக்காத கல்யாணம் கிடையாது. கல்யாணமான நாள் முதல் வைத்துக்கொண்டே இருக்கிறேன். திரும்பி வருவதற்கு என் வீட்டிலும் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமல்லவா. எனக்கு ஒரே பெண், ராமாத்தாள். அவள் வளரும் வரை காத்திருந்தேன். இடையில் இரண்டு வருஷம் மழை பொய்த்தது. கிணறு வெட்டப் பொள்ளாச்சியில் கடன் வாங்கினேன், தோட்டம் அடமானத்துக்குப் போனது. அந்த வைகாசிக்குள் மீட்காவிட்டால் தோட்டம் கைவிட்டுப் போகும். என் மனைவி கமலாத்தாளுக்குக்கூட இது முழுதாகத் தெரியாது. பெண்ணின் கல்யாண மொய்தான் எங்களுக்கிருந்த ஒரே வழி.

என் தம்பி கந்தப்பனுக்குத் தெரியும். பாகம் பிரிந்து பக்கத்துத் தோட்டத்தில் குடியிருந்தான். பிரிந்தோமே தவிர மனம் கசந்ததில்லை. ராமாத்தாளைச் சிறு வயதில் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்க்கப் போனவன் அவன்தான், நான் அல்ல. தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசும்போது சித்தப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள்.

முகூர்த்தத்தன்று விடிகிற நேரத்தில் பந்திக்கு வாழை இலை அறுக்க நாங்கள் இருவரும் பந்தலுக்குப் பின்னால் இருந்த தோட்டத்துக்குப் போனோம். கடலைக்காய் கொட்டி வைக்கும் சாளைக்குப் பக்கத்தில் அவன் காலில் பாம்பு கடித்தது.

"விரியனுங்கண்ணா. கண்ணாடி விரியன். நல்லாப் பார்த்துட்டனுங்க," என்றான். அலறவில்லை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். "வண்டியக் கட்டச் சொல்லுங்க."

துண்டைக் கிழித்துக் காலில் இறுக்கக் கட்டினேன். அவனைத் தாங்கிக் கொண்டுபோய்ச் சாளைக்குள் சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். அதுவரை நான் செய்த எல்லாம் எந்த அண்ணனும் செய்வதுதான்.

பிறகுதான் யோசித்தேன். வண்டி கட்டினால் பந்தல் முழுவதும் தெரியும். அவன் செத்தால் பங்காளித் தீட்டு. தாலி கட்ட முடியாது, மொய் வாங்க முடியாது. முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கலாமே என்பீர்கள். ஒரு கல்யாணத்துக்கு ஒரு முறைதான் வெற்றிலை வைக்க முடியும், ஐயா. அழைத்து, வந்து, வெறுங்கையோடு திரும்பியவர்களை மறுபடி அழைப்பது எங்கள் பக்கத்தில் பிச்சை எடுப்பதற்குச் சமம்.

எங்கள் வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. தீட்டு என்பது சாவு நடந்த நேரத்திலிருந்து அல்ல, சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்து. அசலூரில் பங்காளி செத்து, சேதி வரப் பத்து நாள் ஆனால், அந்தப் பத்து நாளும் நாம் சுத்தமாகத்தான் இருக்கிறோம். காதில் விழாத சாவுக்குத் தீட்டு இல்லை.

"வைத்தியருக்கு ஆள் போயிருக்குது கந்தா. நீ அசையாமப் படு," என்றேன். ஆள் யாரும் போகவில்லை.

அவன் நம்பினான். இடுப்பிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து என் கையில் வைத்தான். கிடாரி விற்ற பணம், நூற்றியொரு ரூபாய். "எம்பேருக்கு வெச்சுருங்கண்ணா. சத்தமாப் படிக்கச் சொல்லுங்க, சுப்பாத்தா காதுல உழுகோணும். இருவத்தஞ்சு போதும்னு ராத்திரி பூராச் சண்டை. அப்பறம், எனக்கொரு எலை எடுத்து வெக்கச் சொல்லுங்க, கடைசிப் பந்தில பாயசம் தண்ணியாப் போயிரும்."

இரண்டு கையாலும் வாங்கினேன். வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.

பந்தலுக்குப் போனதும் அவன் மனைவி சுப்பாத்தாள் கேட்டாள். தயிர் போதாமல் கோவிந்தாபுரத்துக்குப் போயிருக்கிறான் என்றேன். ராமாத்தாள் மணவறையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா இப்போது வந்துவிடுவார் என்று அவளிடமும் சொன்னேன். தாலி கட்டி முடிந்தது. மஞ்சள் பூசிய கயிறு, அழகான பெண், நல்ல மாப்பிள்ளை. என் கண் கலங்கியது உண்மை.

மொய்க்கு உட்கார்ந்தேன். முதல் பெயராகக் கந்தப்பன் பெயரைப் படிக்கச் செய்தேன். நூற்றியொன்று என்றதும் பந்தலே திரும்பிப் பார்த்தது. சுப்பாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "ஆளக் காணோம், பேரு மட்டும் முந்திக்கிட்டு வந்துருச்சு பாருங்க மாமா. ஊட்டுக்கு வரட்டும், வெச்சுக்கறேன்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பிறகு ஐந்து வைக்க வந்தவர்கள் பத்து வைத்தார்கள்.

நடுவில் ஒரு முறை, மேளம் ஓய்ந்திருந்தபோது, சாளைப் பக்கமிருந்து "அண்ணா" என்று கேட்டது. எனக்கு மட்டும் கேட்டதா என்று தெரியாது. மேளக்காரர்களை வெயிலில் உட்கார வைத்திருக்கிறோமே என்று வருத்தப்பட்டு, சாளை நிழலில் போய் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னேன். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து டாக்டர் தம் காரில் வந்திருந்தார். ராமாத்தாள் பிறந்தபோது கமலாத்தாளைப் பிழைக்க வைத்தவர். பதினொரு ரூபாய் வைத்தார். அதையும் இரண்டு கையால் வாங்கி, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். விஷத்துக்கு ஊசி ஆஸ்பத்திரியில் இருந்தது, காரில் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோயிருக்கலாம் என்று அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். நானும் மறுக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றை நானே சொல்கிறேன். டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேளக்காரர்களும் பந்திக்குப் போயிருந்த நேரத்தில், நான் சாளைக்குப் போனேன். உள்ளே சத்தமில்லை. முடிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கதவைத் திறந்தேன். கந்தப்பன் தவழ்ந்து கதவு வரை வந்திருந்தான். கால் கறுத்து வீங்கியிருந்தது. ஈறிலிருந்து ரத்தம் வழிந்து சட்டை நனைந்திருந்தது. கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"மொய் முடிஞ்சுதுங்களா, அண்ணா?" என்று கேட்டான்.

அவனுக்குத் தெரிந்திருந்தது, ஐயா. எப்போது தெரிந்ததென்று தெரியாது. கோபம் இல்லை. எனக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தான் என்றே நினைக்கிறேன்.

"இன்னுங் கொஞ்ச நேரம்," என்றேன். பொள்ளாச்சி மண்டிக்காரர்கள் சாயங்கால பஸ்ஸில்தான் வருவதாக இருந்தார்கள். பெரிய தொகை வைப்பவர்கள் அவர்கள்தான். அவன் கையை மெதுவாக நிலைப்படியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

மண்டிக்காரர்கள் வந்தார்கள், வைத்தார்கள், போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் சுப்பாத்தாள் அவனைத் தேடிக்கொண்டு சாளைப் பக்கம் போனாள். அவள் அழுகை கேட்ட பிறகுதான் எனக்குத் தீட்டு. அதுவரை நான் வாங்கிய பணத்தில் ஒரு குறையும் கிடையாது. தோட்டத்தை மீட்டுவிட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் சுப்பாத்தாள் என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"சாளைக் கதவுக் கொண்டி வெளிய போட்டிருந்ததுங்களே மாமா," என்றாள். "அவரு வெச்ச மொய்யத் திருப்பிக் குடுங்க."

எங்களில் யாரும் மொய்யைத் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் உறவு அற்றுப்போயிற்று என்று அர்த்தம். ஆனாலும் அவள் துக்கத்தில் இருந்தாள் என்று பொறுத்துக்கொண்டேன். நூற்றியொன்றை எண்ணி, வழக்கப்படி மேலே ஒரு ரூபாயும் சேர்த்து, தாம்பாளத்தில் வைத்து மரியாதையாக நீட்டினேன்.

அந்த ஒரு ரூபாயைத் தட்டிலேயே விட்டுவிட்டு, மீதியை இடது கையால் அள்ளிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிட்டேன், எங்கே வேண்டுமானாலும் கைநாட்டு வைக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து என் மனதை அறுப்பது ஒன்றுதான், ஐயா. என் தம்பியோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்குப் பணம் வாங்குகிற முறை தெரியவில்லை.