மாப்பிள்ளை விசாரிக்கப் போனவன்

எங்கள் தெருவில் இன்று யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியும், சார். சூரமங்கலத்துக்குப் பின்னால் வயலைப் பிளாட் போட்டு விற்றபோது நானும் சுவாமிநாதனும் அடுத்தடுத்த மனையில் வீடு கட்டினோம். நடுவில் ஒரே காம்பவுண்டுச் சுவர். அவர் மகள் யுவஸ்ரீ என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

என் மனைவி பழனியம்மாளுக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. வீட்டை விற்று வைத்தியம் பார்ப்பதென்று முடிவு செய்தேன். வாங்க வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள், அது வழக்கம்தானே. விசாரித்துவிட்டுப் போனவர் ஒருவரும் திரும்பி வரவில்லை. பழனியம்மாள் போய்ச் சேர்ந்தாள். பிறகு ஜங்ஷனில் அவர்களில் ஒருவரைப் பார்த்தேன்.

"பக்கத்து ஊட்டுக்காரருதானுங்க சொன்னாரு. அது ராசியில்லாத ஊடு, குடிபோறவங்க வெளங்க மாட்டாங்கன்னு."

வீட்டை அடிமாட்டு விலைக்குத் தானே வளைத்துப்போட சுவாமிநாதன் பார்த்த வேலை அது. பழனியம்மாளுக்கு வைத்தியம் பார்க்கப் பணமில்லாமல் போனது அதனால்தான். ஆனாலும் நான் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. மறுநாளும் சுவருக்கு மேலே அவர் நீட்டிய பேப்பரைச் சிரித்துக்கொண்டே வாங்கிப் படித்தேன்.

அடுத்த வருஷம் யுவஸ்ரீக்கு மேட்டூரிலிருந்து வரன் வந்தது. நான் மேட்டூருக்கு வேலைக்குப் போய்வந்து ரிடையர் ஆனவன். அதனால் சுவாமிநாதன் என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்கண்ணா, ஒரு எட்டு போயி பையனப் பத்தி விசாரிச்சுட்டு வாங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் அவங்க ஊட்டுல நான் கை நனைப்பேன்."

போனேன். பையன் நந்தகுமாரின் பக்கத்து வீட்டில் ஆத்தாயி என்று ஓர் அம்மாள். என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கதவைச் சாத்தினாள்.

"பொண்ணு குடுத்துறாதீங்க சாமி. மொதப் பொண்டாட்டிய அடிச்சே கொன்னுபோட்டு, அவளே கெணத்துல உழுந்துட்டான்னு கதை கட்டிட்டாங்க."

அவள் கொடுத்த மோரைக் குடித்தேன். நல்ல மோர். ஊருக்கு வந்து சுவாமிநாதனிடம், "பையன் தங்கக் கம்பிங்க. கண்ண மூடிட்டுக் குடுக்கலாம்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இனிமேல்தான் உனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

யுவஸ்ரீ தனியாக வந்து கேட்டாள். பழனியம்மாள் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியவள் அவள்தான்.

"பெரியப்பா, நெசமாவே நல்லவருங்களா?"

"தைரியமாக் கட்டிக்க சாமி" என்றேன்.

கல்யாணமாகி, ஆடிக்கு அழைப்பதற்கு முன்னாலேயே திரும்பி வந்துவிட்டாள். அப்பாவுக்குப் பயந்து என் வீட்டுக்கு வந்தாள். முதுகைக் காட்டினாள். நான் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன்.

"என்னைய அங்க அனுப்பாதீங்க பெரியப்பா. கொன்னுபோடுவாருங்க."

சோறு போட்டேன். கண்ணைத் துடைத்துவிட்டேன். புதுசில் அப்படித்தான் இருக்கும் என்று புத்தி சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்கு நானே கூட்டிப்போய், ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்தேன். பஸ் கிளம்பும்வரை என் விரலை அவள் விடவில்லை. நான்தான் பிரித்து எடுத்தேன்.

அந்த வாரமே செய்தி வந்தது. சுவாமிநாதன் தெருவில் புரண்டு அழுததைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். போதும் என்று தோன்றும்வரை பார்த்தேன்.

நந்தகுமாரைப் பிடித்துவிட்டீர்கள், நல்லது. அடித்துக் கொன்றது அவன்தான். ஆனால் தெரிந்தே அவளை அவனிடம் அனுப்பியது நான், இரண்டு முறை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள், சார். அந்தப் பிள்ளை மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. பெற்ற மகள் மாதிரிதான் பார்த்துக்கொண்டேன்.