பத்தடிக்குள் ஏழு வெள்ளிக்காசு

ஹெஸ்டர்: காசை நடுவுல பிடிக்காதீங்கன்னா... வேற எங்கதான் பிடிக்கறது?

கோலின்: விளிம்புல. ரெண்டு விரலால. இல்லேன்னா விரல்ல இருக்கிற வேர்வை, வெண்ணெய் எல்லாம் ராஜா மூஞ்சில ஒட்டிக்கும்.

ஹெஸ்டர்: வெண்ணெய் இருக்கிறது உங்க விரல்ல. மூணாவது ஸ்கோன் பன் ஓடிட்டிருக்கு.

கோலின்: எண்ணறீங்களா?

ஹெஸ்டர்: பண்ணைக்காரி எல்லாத்தையும் எண்ணுவா. கோழி, ஆடு, ஞாயித்துக்கிழமை தவறாம உலோகம் தேடற மெஷினோட வந்து உக்கார்ற பஸ் டிரைவர்...

கோலின்: ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். அது என்ன பெட்டி? ஓக் மரமா?

ஹெஸ்டர்: எங்க வீட்டுக்காரரோடது. பாவம், ஆர்தர் இருந்தவரைக்கும் இதுலதான் சுருட்டு வச்சிருந்தார். உள்ளே பச்சை வெல்வெட் ஒட்டியிருக்கேன். ஏழு காசுக்கு ஏழு குழி. சனிக்கிழமை ஊர் மண்டபத்துக் கண்காட்சில இதுலதான் வைக்கலாம்னு...

கோலின்: ஐயையோ, ஓக் மரம் ஆகவே ஆகாது! அது உள்ளுக்குள்ளயே அமிலத்தைக் கக்கிட்டிருக்கும். வெல்வெட் சாயமும் பசையும் சேர்ந்தா கேக்கவே வேணாம். வெள்ளி கறுத்துடும்.

ஹெஸ்டர்: அப்போ... வைக்க முடியாதா?

கோலின்: முடியவே முடியாது.

ஹெஸ்டர்: அடடா. என்ன கஷ்டம் பாருங்க. சரி, கண்காட்சி நடத்தற பெரில்கிட்ட சொல்லிடறேன். அந்த ஃபோனை எடுங்க.

கோலின்: இருங்க... பெரில் மஹாகனித் தட்டு ஏற்பாடு பண்ணிட்டா. காலைல சர்ச் வாசல்ல என்னைப் பிடிச்சு நிறுத்திட்டா. கண்ணாடி மூடி, பூட்டு, சாவி, சகலமும் தயார்.

ஹெஸ்டர்: மஹாகனி மட்டும் கக்காதா?

கோலின்: கக்காது. மஹாகனிதான் நல்லதுன்னு போன வருஷம் எங்க பழங்காசு கிளப்ல ஒரு மணி நேரம் பேசித் தொலைச்சேன். முன் வரிசைல உக்காந்து எழுதிக்கிட்டது யாருன்னு நினைக்கிறீங்க?

ஹெஸ்டர்: பெரில்.

கோலின்: பெரில்.

ஹெஸ்டர்: ஆனா, மண்டபம் ஈரமாச்சே!

கோலின்: ஆமா! கூரை ஒழுகுது! நல்ல யோசனை... அட, அதுவும் போச்சு. புது ஷூ டப்பாவுல வருமே, ஈரம் உறிஞ்சற சின்னப் பை? அதுல பத்து போட்டுட்டாளாம்.

ஹெஸ்டர்: அந்தக் கிழவி எதுக்குப் பத்து ஜோடி ஷூ வாங்கினா?

கோலின்: நானும் கேட்டேன். முறைச்சா.

ஹெஸ்டர்: பிளாஸ்டிக் உறைல போட்டா வேர்த்துக் கொட்டிக் காசு கெட்டுப்போகும்னு சொல்லுவீங்களே, அதைச் சொல்லித் தட்டிக்கழிச்சா?

கோலின்: உறை இல்லாமதான் வைக்கறா. ஹெஸ்டர்... ஒண்ணு கேக்கட்டுமா? இதுங்களை ஊருக்குக் காட்ட உங்களுக்கு இஷ்டமில்லையா?

ஹெஸ்டர்: எனக்கா? நல்லா இருக்கே! நான் எப்போ அப்படிச் சொன்னேன்? உங்களுக்குத்தான் இஷ்டமில்லாத மாதிரி தெரியுது.

கோலின்: எனக்கா? கண்டெடுத்தவன் நான். எனக்குப் பெருமைதானே.

ஹெஸ்டர்: ம்.

கோலின்: ம்.

ஹெஸ்டர்: எல்லாம் என் தப்பு. அலமாரித் தட்டுல அழகா அடுக்கி வச்சிருந்தேன். முட்டை வாங்க வந்த பெரில் கண்ணுல பட்டுடுச்சு. "லாங் மெடோ வயல் புதையல்"னு போஸ்டரே அடிச்சுட்டா. பஸ் ஸ்டாப்ல ஒட்டியிருக்கா!

கோலின்: போஸ்டர் போகட்டும். அந்த மியூசியம் அம்மா வராங்க, அதான் விஷயம்.

ஹெஸ்டர்: யாரு?

கோலின்: கண்டெடுத்த சாமானையெல்லாம் பதிவு பண்றவங்க. கண்ணுல லென்ஸை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பார்ப்பாங்க. எங்க, எத்தனை அடி ஆழத்துல கிடைச்சுதுன்னு எழுதுவாங்க. கீழே நான் கையெழுத்துப் போடணும்.

ஹெஸ்டர்: லென்ஸா? அதெல்லாம் எதுக்கு? அதான் நீங்க ஏற்கெனவே எழுதி அனுப்பியிருப்பீங்களே.

கோலின்: எதை?

ஹெஸ்டர்: இந்த ஏழையும். கிடைச்ச பொத்தான், குதிரை லாடத்தைக்கூட எழுதி அனுப்பற ஆளாச்சே நீங்க.

கோலின்: இதை அனுப்பல.

ஹெஸ்டர்: ஒண்ணுகூடவா?

கோலின்: ஒண்ணுகூட.

ஹெஸ்டர்: ஏன்?

கோலின்: டீ இன்னும் இருக்கா?

ஹெஸ்டர்: இருக்கு. ஏன் அனுப்பல?

கோலின்: பாருங்க, அவங்க எழுதினா வரைபடத்துல ஒரு புள்ளி விழும். நூறு வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் அதைப் பார்த்துட்டு, லாங் மெடோவுல ஒரு சந்தை இருந்துச்சு, அதுக்கு ஒரு சாலை இருந்துச்சுன்னு புத்தகம் எழுதுவான். புள்ளி பொய்யா இருந்தா அத்தனையும் பொய்.

ஹெஸ்டர்: பொய்யா? இதுல பொய் எங்க வந்துச்சு?

கோலின்: பொதுவாச் சொன்னேன்.

ஹெஸ்டர்: பொதுவாச் சொல்லும்போது என்னை ஏன் பார்க்கறீங்க?

கோலின்: பதினோரு வருஷம், ஹெஸ்டர். கிடைச்சதையெல்லாம் எழுதி நாலு நோட்டு ரொம்பியிருக்கு. அதுல ஒரு வரி பொய் கிடையாது. சனிக்கிழமை கையெழுத்துப் போட்டா நாலும் குப்பை. போடலேன்னா...

ஹெஸ்டர்: போடலேன்னா?

கோலின்: ஏன்னு சொல்லணும். சொன்னா, ஞாயித்துக்கிழமை இந்த நாற்காலில உக்கார்றது நின்னு போயிடும். நாலு நாளா தூக்கம் இல்ல எனக்கு.

ஹெஸ்டர்: டீ ஆறுது. குடிங்க.

கோலின்: அந்தக் காலத்து ஆளுங்க ஒரு விநோதம், தெரியுமா? பன்னெண்டு ஏக்கர் வயல். அதுல ஏழு பேர் ஏழு காசைத் தொலைச்சிருக்காங்க. ஏழும் கேட்லேர்ந்து பத்தடிக்குள்ள.

ஹெஸ்டர்: கேட்டைத் திறக்கும்போது பாக்கெட்லேர்ந்து விழுந்திருக்கும்.

கோலின்: எழுநூறு வருஷம் முன்னாடி அங்க கேட்டே கிடையாதே.

ஹெஸ்டர்: ஆடு ஏதாவது...

கோலின்: ஆடா?

ஹெஸ்டர்: சரி, ஆடு இல்ல.

கோலின்: அப்புறம் அந்தப் புல். ஒவ்வொரு தடவையும் கேக் வெட்டின மாதிரி சதுரமா வெட்டி, மறுபடி பதிச்சு, மேலே பூட்ஸ் தடம் வேற. சின்னப் பாதம். இடது கால் மட்டும் லேசா இழுத்திருக்கும்.

ஹெஸ்டர்: முட்டி வலி. அதனாலதான் கேட்டைத் தாண்டிப் போக முடியல. போதுமா?

கோலின்: ஹெஸ்டர்...

ஹெஸ்டர்: மூணு வருஷம் முன்னாடி, ஈஸ்டருக்கு அடுத்த வாரம், இதே நாற்காலில உக்காந்துக்கிட்டு என்ன சொன்னீங்க? "இந்த வயல்ல இனிமே ஒண்ணுமில்ல, ஆத்துக்கு அந்தப்பக்கம் வேற பண்ணைல தேட அனுமதி கிடைச்சிருக்கு"ன்னு. சொல்லிட்டு ஜாம் கேட்டீங்க.

கோலின்: சொன்னேன்.

ஹெஸ்டர்: மறுநாளே டவுன் சந்தைக்குப் போனேன். பழங்காசு விக்கறவன்கிட்ட, ரொம்ப ஒசத்தியா வேணாம், நம்பற மாதிரி ஒண்ணு குடுன்னு கேட்டேன். அவன் என்னை என்னவோ மாதிரி பார்த்தான். ஆனா நீங்க எப்படி... காசு நிஜக் காசுதானே? அதுல என்ன குறை?

கோலின்: காசுல குறை இல்ல. காசு பளபளன்னு இருந்துச்சு.

ஹெஸ்டர்: பின்னே? அழுக்கை அப்படியே புதைக்கச் சொல்றீங்களா? ஒருத்தருக்குக் குடுக்கற பொருள் சுத்தமா இருக்க வேணாமா? வெள்ளிப் பாலிஷ் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால ஒவ்வொண்ணையும் அரை மணி நேரம் தேச்சேன்.

கோலின்: தேச்சீங்க! பழங்காசைத் தேய்க்கறவனை எங்க கிளப்பை விட்டே துரத்துவோம்! எழுத்து இடுக்குல எல்லாம் பாலிஷ் காஞ்சு வெள்ளையா நிக்குது. எழுநூறு வருஷம் மண்ணுல கிடந்ததைத் தோண்டி எடுத்தா, உங்க டீ ஸ்பூன் வாசம் வருது!

ஹெஸ்டர்: முதல் காசுலயே தெரிஞ்சுடுச்சா?

கோலின்: முதல் காசுலயே.

ஹெஸ்டர்: தெரிஞ்சும், கொட்டற மழைல நான் மண்டி போட்டுப் புதைக்கட்டும்னு விட்டு வச்சீங்க?

கோலின்: நிறுத்தச் சொன்னா, ஏன்னு சொல்ல வேண்டி வருமே.

ஹெஸ்டர்: நல்ல மனுஷன்! "ஹெஸ்டர், பாருங்க பாருங்க"ன்னு வயல்லேர்ந்து குதிச்சுக்கிட்டு ஓடி வருவீங்களே? அந்த நாடகம் வேற!

கோலின்: நீங்க மட்டும்? "ஐயோ, நிஜமாவா!"ன்னு வாயில கை வச்சீங்களே, ஏழு தடவை?

ஹெஸ்டர்: ...சிரிக்காதீங்க. சனிக்கிழமைக்கு என்ன பண்றது?

கோலின்: முதல் வருஷம் அந்த வயல்ல ஒரு அரைக்காசு எடுத்தேன், ஞாபகம் இருக்கா? அந்தக் காலத்துல சில்லறைக்காகக் குறுக்கால வெட்டின பாதி. கறுத்து, தேஞ்சு... அது நிஜம். அதைப் பதிவு பண்ணியாச்சு. மஹாகனித் தட்டு நடுவுல அதை வைப்போம்.

ஹெஸ்டர்: பெரில் விட மாட்டா. ஏழு எங்கன்னு கேப்பா.

கோலின்: ஏழையும் வைப்போம். பக்கத்துல ஒரு அட்டை. "சந்தையில் வாங்கிப் புதைத்தவர் ஹெஸ்டர் த்ரலோ. தோண்டி எடுத்தவர் கோலின் பாஸ்க்."

ஹெஸ்டர்: ஊரே சிரிக்கும்!

கோலின்: சிரிக்கட்டும். ரெண்டு பேரையும் சேர்த்துத்தானே சிரிக்கப்போகுது.

ஹெஸ்டர்: ...அட்டையை நான் எழுதறேன். உங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

கோலின்: என் பேரை முதல்ல போடுங்க.

ஹெஸ்டர்: முடியாது. புதைச்சது நான். இன்னொண்ணும் சொல்லிடறேன். இனிமே எதையும் புதைக்கறதா இல்ல, முட்டி தாங்காது. ஆத்துக்கு அந்தப்பக்கமே போய்த் தேடுங்க. அந்த மெஷினாவது சந்தோஷமா இருக்கும்.

கோலின்: மெஷினா?

ஹெஸ்டர்: பின்னே? காதுல அதோட ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு, சத்தம் கேக்கக் கேக்கத் தலையை ஆட்டிக்கிட்டு, எவ்வளவு ஆசையா அந்த வயல்ல மேலயும் கீழயும் நடப்பீங்க! இந்த ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருப்பேன்.

கோலின்: நீங்க ஜன்னல்ல நிக்கறது தெரியும். அதுக்காகத்தான் தலையை ஆட்டினேன், ஹெஸ்டர். மூணு வருஷமா அந்த மெஷின்ல பேட்டரியே கிடையாது.