அடுப்பு எரிந்த நாட்கள்

சின்ன அறையைச் சூடாக்குவது லேசான வேலை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்து அறை எட்டடிக்கு ஆறடி. சுவர், கூரை, தரை எல்லாம் செப்புத் தகடு. கதவைச் சாத்திக் கைப்பிடியைத் திருகினால் விளிம்பு முழுக்கப் பித்தளைப் பட்டை அழுந்திக்கொள்ளும். ஒரு செல்போன் சிக்னல்கூட உள்ளே நுழையாது. குளிர்காலத்தில் அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் பல் கிட்டிக்கும்.

நீங்கள் விசாரணை அதிகாரி, இது உங்கள் துறை இல்லை என்பதால் விளக்குகிறேன். செல்போன் கோபுரம், வைஃபை, மின்கம்பி, இவற்றின் பக்கம் போனாலே தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை அந்த அறையில் ஐம்பது நிமிடம் உட்கார வைப்போம். பக்கத்து அறையில் எலக்ட்ரீஷியன் சீட்டு எடுப்பார். 'ஆன்' என்று வந்தால் அலையைத் திறந்துவிடுவார். 'ஆஃப்' என்றால் சும்மா இருப்பார். பிறகு சீட்டை உறையில் போட்டு ஒட்டிவிடுவார். உள்ளே இருப்பவருக்கும் தெரியாது, செப்புவலை பதித்த, திறக்க முடியாத கண்ணாடிக்கு வெளியே நோட்டோடு உட்கார்ந்திருக்கும் எனக்கும் தெரியாது. அலையே இல்லாத நாளிலும் வலி வந்தால் அந்த வலி மனதில் முளைத்தது என்று பொருள். ஒன்பது வருடமாக நான் சொல்லிவந்தது இதைத்தான்.

அந்த அறைக்குள் மின்சாரத்தில் ஓடும் எதையும் வைக்கக் கூடாது. மின் ஹீட்டரின் சுருளே ஓர் அலையை எழுப்பும். அதனால் காஸ் அடுப்பு ஒன்றை வாங்கினேன். கூரையில் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி இருந்தது. அதன் மோட்டாரும் அலையை எழுப்பும்தானே, அப்படியானால் உங்கள் 'ஆஃப்' உண்மையிலேயே ஆஃப்தானா என்று என் கட்டுரையைப் படித்த ஒருவர் எழுதிக் கேட்டார். எனக்கு மானம் போயிற்று. அன்றே விசிறியை நிறுத்தி, துவாரத்தைத் தகடு வைத்து அடைத்தேன். அறையில் விஷவாயு சேர்ந்தால் கத்தும் கருவி ஒன்று கடையில் கிடைக்கும். அதற்குள்ளும் பேட்டரி இருக்கிறது.

அடுப்பைக் கொண்டுவந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், ஒரு ஜன்னலையாவது கொஞ்சம் தொறந்து வைங்க. மூடின ரூம்ல இது ஆகாது," என்றார்.

"ஜன்னலே இல்லையேப்பா," என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

டீச்சர் வந்தது அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில். கணக்கு டீச்சர். பள்ளிக்கு எதிரே கோபுரம் வந்த பிறகு தலைவலி தாங்காமல் நீண்ட விடுப்பில் இருந்தார். முதல் நாள் கணவரும் கூடவே வந்தார். "ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டுறா சார். நல்லா சோதிச்சு இவ வாயை அடைங்க," என்று டீச்சர் எதிரிலேயே சொன்னார்.

டீச்சர் கோபப்படவில்லை. கணவர் வெளியே போன பிறகு என்னைப் பார்த்து, "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும் சார்," என்றார். "நான் நடிக்கலைன்னு ஒரு தாள் எழுதிக் குடுங்க. அவர்கிட்ட காட்டணும். வேற எதுவும் வேண்டாம்."

கொடுப்பதாகச் சொன்னேன். வாக்குத் தவறும் வழக்கம் எனக்கு இல்லை.

மாதக் கடைசியில் உறைகளைப் பிரித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. 'ஆன்' நாட்களில் வந்த அதே வலி, அதே குமட்டல், 'ஆஃப்' நாட்களிலும் அப்படியே வந்திருந்தது. சொல்லப்போனால் சற்று அதிகமாகவே. கரும்பு தின்னக் கூலியா என்று இருந்தது. வேலையை எவ்வளவு கவனமாகச் செய்பவன் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் காலை, யாரும் வராத நேரத்தில், நானே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துக் கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். இருபதாவது நிமிடத்தில் நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறித்தது. உள்பக்கக் கைப்பிடியை இரண்டு கையாலும், இருந்த பலம் முழுவதும் போட்டுத் திருகித்தான் வெளியே வந்தேன். தனக்கு வந்தால்தான் தெரியும் என்கிறார்கள். எனக்கு வந்தது. தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒரு தடவையும் உள்ளே உட்காரவில்லை.

ஏன் அடுப்பை எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். ஏற்கெனவே முப்பத்துநான்கு பேர் அந்த அடுப்போடு உட்கார்ந்து எழுந்திருந்தார்கள். நடுவில் எதையும் மாற்றக் கூடாது. மாற்றினால் அத்தனை பேரின் கணக்கும் குப்பைக்குப் போகும், அவர்கள் பட்ட சிரமமும் வீண். அடுத்தவர் சிரமத்தை மதிப்பவன் நான்.

ஏழாவது தடவை வந்தபோது டீச்சர் ஒரு சிறு நோட்டைக் கொண்டுவந்தார். கட்டம் போட்டு, தேதி போட்டு எழுதியிருந்தார்.

"சார், எனக்கு இங்க ஆறு நாள்ல நாலு நாள் வலிச்சுது. அந்த நாலு நாளும் அடுப்பு எரிஞ்சுது. வெயில் அடிச்ச ரெண்டு நாள் நீங்க பத்தவைக்கலை, வலிக்கவும் இல்லை. இது அலை இல்லை சார், அடுப்பு."

அப்படியொரு சுத்தமான அட்டவணையை எங்கள் துறையில் பட்டம் வாங்கியவர்கள்கூடப் போட மாட்டார்கள். என்னிடமும் அதே அட்டவணை இருந்தது, முப்பத்துநான்கு பேருக்கு. நான் நோட்டை மூடி அவரிடமே கொடுத்தேன்.

"உங்க மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணு இல்லைன்னா இன்னொண்ணு. நேத்து கோபுரம், இன்னைக்கு அடுப்பு. மனசுதான்மா."

அவர் முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் கேட்கும் குரலை இங்கேயும் கேட்டுவிட்டார் என்று புரிந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. "இன்னும் ஒரே ஒரு நாள். முடிஞ்சதும் தாளை எழுதித் தர்றேன்," என்றேன். தாளுக்காகத்தான் எட்டாவது நாளும் வந்தார்.

அன்று காலை அந்த வருடத்திலேயே கடும் குளிர். அடுப்பை முழுவதும் திருகிவைத்தேன். அறைக்குள் ஒரு கயிறு உண்டு, வெளியே மணியோடு கட்டியது. மின்சார மணி கூடாது அல்லவா. ஒரு தடவை இழுத்தால் வலி தொடங்கிவிட்டது. இரண்டு தடவை இழுத்தால் கதவைத் திற. கதவை நேரத்துக்கு முன் திறந்தால் அன்றைய கணக்கு செல்லாது.

பதினான்காவது நிமிடத்தில் மணி ஒரு தடவை அடித்தது. குறித்துக்கொண்டேன். முப்பத்தொன்றில் இரண்டு தடவை அடித்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டீச்சர் மேஜைமேல் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதுகிறவருக்கு என்ன வந்துவிடும் என்று நினைத்தேன்.

எலக்ட்ரீஷியன் தன் அறைக் கதவைத் திறந்து என்னை எட்டிப்பார்த்தார். "மணி ரெண்டு தடவை கேட்ட மாதிரி இருந்துச்சே சார்?"

"ஒரு தடவைதான்," என்றேன்.

பிறகு டீச்சரின் தலை கைமேல் சாய்ந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் பதினேழு நிமிடம். பதினேழும் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது ஆனதும் திறந்தேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அடுப்பை ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோனேன். துவாரத்துத் தகட்டைக் கழற்றி விசிறியைப் போட்டேன். வந்த கணவரிடம், "பயத்திலேயே இதயம் நின்னிருக்கும்," என்றேன். அவர் நம்பினார். நம்பத் தயாராக இருந்தார். ஒரு வாரம் கழித்துப் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் கார்பன் மோனாக்சைடு என்று வாயுவின் பெயர் வந்த பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். அடுப்பு தன்னைக் கொல்கிறது என்று டீச்சருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கதவு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

டீச்சர் கடைசியாக எழுதிய படிவத்தை இதுவரை யாருக்கும் காட்டவில்லை. இதோ. அன்று அலை இருந்ததா என்று உள்ளே இருப்பவர் ஊகித்துக் குறிக்க 'ஆன்', 'ஆஃப்' என்று இரண்டு கட்டம் இருக்கிறது பாருங்கள். 'ஆஃப்' கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார். கீழே, கையெழுத்து சரிந்திருக்கிறது, "அடுப்ப அணைங்க சார்" என்று எழுதியிருக்கிறார்.

நான் தருவதாகச் சொன்ன தாள் இந்த வாக்குமூலம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் நடிக்கவில்லை. இதை அவர் கணவரிடம் சேர்த்துவிடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது அன்றைய உறையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே 'ஆஃப்' என்றுதான் இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அறையில் அலை இல்லை, அவருக்கு வலித்தது. ஒன்பது வருடமாக நான் சொன்னது சரிதான்.