டிராக்டருக்குப் பின்னால் நிற்கிற கார்

— லைட்ட இந்தப் பக்கம் காட்டுய்யா மெர்ல். என் மூஞ்சியில காட்டி என்ன பிரயோஜனம்? எஞ்சின்ல காட்டு.

— காட்டிக்கிட்டுத்தானே இருக்கேன். சொன்னா கேளு வெர்னா, இது உனக்கு ஆகுற வேலை இல்ல புள்ள. மூணு தடவ நான் பிரிச்சுக் கோத்தே எண்ணெய் ஒழுகுது.

— அதான் நாலாவது தடவைக்கு நான் வந்திருக்கேன். அறுவடை முடிஞ்ச கையோட ஆரம்பிச்ச. இப்ப ஏரியே கெட்டியா உறைஞ்சு, நீ அதுமேல உக்காந்து மீன் புடிச்சுட்டு வர்ற. என் கார் மட்டும் இந்தக் கொட்டகையில டிராக்டருக்குப் பின்னால செவுத்தோட ஒட்டி நிக்குது.

— எங்கப்பா காலத்துத் தோட்ட டிராக்டர். பொறுமையாத்தான் பாக்கணும்.

— தள்ளி வைக்கலாம்னா சக்கரத்தக் கழட்டிக் கட்டை மேல ஏத்திட்ட. நேத்து நீ ஏரிக்குப் போன நேரத்துல நான்தான் மாட்டினேன்.

— ஒத்தையாவா?

— ஜாக்கி எதுக்கு இருக்கு?

— சரி, தள்ளிட்டேன்னே வச்சுக்க. வாசல்லேர்ந்து ரோடு வரைக்கும் முழங்கால் பனி. என் டிரக்குன்னா ஏறிப் போயிரும். உன் குட்டிக் காரு சிக்கிக்கும்.

— அதுக்குத்தான் இது ஓடணும்ங்கறேன். முன்னால பனி தள்ளுற தகடு இருக்கே, அழகுக்கா? பாதைய வெட்டிட்டு, காரை எடுத்துக்கிட்டு, டுலூத்துல மக வீட்டுக்குப் போய் என் பேரனத் தூக்கணும். பொறந்து மூணு மாசம் ஆச்சு. போன்ல பாத்ததோட சரி.

— நான்தான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்ல?

— வாராவாரம் சொல்ற. ஒரு வாரம் டயரு, ஒரு வாரம் உன் முதுகு, ஒரு வாரம் சாவியக் காணோம். போதும்யா. அந்தப் பவுடர் டப்பாவ எடு.

— இது என் காலுக்குப் போடுறதாச்சே!

— இன்னிக்கு எஞ்சினுக்கு. கழுவித் துடைச்சாச்சு. மேல தூவி ஓட விட்டா, எண்ணெய் முதல்ல எங்க எட்டிப் பாக்குதோ அங்க வெள்ளையில கறுப்பாத் தெரியும்.

— யாரு சொன்னா?

— ஜோலீன் புருஷன்.

— நம்ம மாப்பிள்ளையா? வீட்டுப் புல்ல வெட்டவே ஆள் வைக்கிறவன்!

— அவன் கிடக்கட்டும். கதவ ஒரு அடி தூக்கி விடு, புகை போகட்டும். ம், சாவியத் திருப்பு.

— கேட்டியா? என்னா சத்தம்! நான் கோத்தது!

— சத்தத்துக்கு ஒரு குறையும் இல்ல. நிறுத்து, நிறுத்து! இங்க பாரு. எண்ணெய அடைக்கிற முன் சீல்ல கறுப்பு. பின் சீல்லயும் கறுப்பு. அடித்தட்டு ஓரத்துலயும். எண்ணெய் அளக்குற குச்சி ஓட்டையிலகூடத் துப்பியிருக்கு.

— நான்தான் சொன்னேனே, எல்லாம் போச்சு. எஞ்சினத் திரும்ப இறக்கணும். பனி உருகட்டும், பாத்துக்கலாம்.

— மூணு தடவ புது சீல் போட்டிருக்க. எல்லாம் சேந்தாப்புல கெடுமா? சீல் மேல தப்பு இல்ல. உள்ள காத்து அடைபட்டு நிக்குது. போக வழி இல்லாம, கெடச்ச சந்துலயெல்லாம் எண்ணெயத் தள்ளுது. இது மூச்சு விடுற வழி எங்க?

— அது... அது நல்லாத்தான் இருக்கு. நான் பாத்துட்டேன்.

— இந்த மூடிக்கு உள்ளதானே? ஸ்பேனரக் குடு.

— கை ஜில்லிட்டுப் போச்சு பாரு. உள்ள வா புள்ள, காப்பி போட்டுத் தர்றேன்.

— கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ காப்பி போட்டதே இல்ல. ஸ்பேனரக் குடு மெர்ல்.

— இந்தா.

— இதென்ன, துணி?

— துடைக்கறப்ப விழுந்திருக்கும்.

— விழுந்ததா? உருட்டித் திரிச்சு அடைச்சிருக்கு. நீலக் கட்டம். இது உன் பழைய சட்டை. பேரனுக்குப் போர்வை தைக்க நான் வெட்டி வச்சது. ஒரு துண்டு குறையுதுன்னு வீடு பூரா தேடினேன். நீயும்தானே கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடின!

— கத்தாத புள்ள.

— நான் கத்தல.

— கத்தினாக்கூடத் தேவலைன்னு இருக்கு. உங்கக்கா ஆர்டித் இப்படித்தான் போனா. ஒரு வாரம் மக வீட்டுக்குன்னு. திரும்பி வந்தாளா? அவ புருஷன் ஆல்டன் இன்னும் தனியா உக்காந்து டப்பா சூப்பக் குடிச்சிக்கிட்டு இருக்கான். எனக்குப் பயமா இருந்துச்சு வெர்னா.

— அப்ப ஒழுகினதே பொய்யா?

— முதல்ல நெசமாவே ஒழுகுச்சு. மான் வேட்டைக்குப் போறதுக்கு முந்தியே சரி பண்ணிட்டேன். அன்னிக்குத்தான் நீ ஊருக்குப் போகப் பரண்லேர்ந்து பெட்டிய இறக்கின. அப்புறம்தான் இந்தத் துணிய அடைச்சேன்.

— ஒதுங்கு. மூடியப் போட்டுட்டேன். சாவியத் திருப்பு.

— ...ஒரு சொட்டுகூட இல்ல.

— இல்லதான். நல்லாத்தான் கோத்திருக்க. கதவ முழுசாத் தூக்கு.

— பெட்டி எங்க?

— கார்லதான். இறக்கின அன்னிக்கே வச்சது.

— அந்தப் பெரிய பெட்டியா?

— சின்னது. ரெண்டு நாளுக்கு வேணுங்கற துணி.

— அப்ப ஞாயித்துக்கிழமை வந்துருவ?

— இந்தத் துண்டுத் துணிய வெளிய எடுக்குற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்.